வர்க்கி அடுப்புக்கு ஜஸ்ட்-இன்-டைம்: குன்னூர்ல நாங்க பண்ற விதம்

மழைக்காலத்துல குன்னூர்ல வர்க்கிய, அதாவது நீலகிரில சுடுற அந்த மொறுமொறு அடுக்கு பிஸ்கட்ட, வச்சிருந்து விக்கிற கஷ்டம் இங்க பேக்கரி வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், டின் மூடி கொஞ்சம் லூசா இருந்தாப் போதும், மறுநாள் கடிச்சா சத்தமே வராது, நமத்துப் போயிருக்கும். முன்னாடி நாங்க "நாளைக்குக் கூட்டம் வந்தாலும் வரும்"னு சொல்லிச் சொல்லியே சுட்டு அடுக்குவோம், கூட்டம் வராது, நமத்தத திரும்ப அடுப்புல காட்டி பாதி விலைக்குத் தள்ளுவோம். ஜஸ்ட்-இன்-டைமுக்கு மாறி இப்ப ரெண்டு வருஷமா அந்தக் கூத்து இல்ல.

ஜஸ்ட்-இன்-டைம்னா ஸ்டாக்கே வைக்காம ஓட்டுறதுன்னு நிறைய பேர் நெனச்சுக்கிறாங்க. அப்படி இல்ல. வித்தது எவ்ளோவோ அவ்ளோ மட்டும் திரும்ப செய்யணும், அவ்ளோதான். ஜப்பான் கார் கம்பெனி டொயோட்டாவுல தாய்ச்சி ஓனோங்கிற இன்ஜினியர் இத எங்கேர்ந்து புடிச்சாருன்னா அமெரிக்க சூப்பர் மார்க்கெட்லேர்ந்து, அங்க ஷெல்ஃப்ல ஆள் எடுத்த எடம் காலியானா அத மட்டும் ரொப்புவாங்க, அதையே 1953ல கார் ஃபேக்டரி மெஷின் ஷாப்புக்குள்ள கொண்டுவந்தாரு. பின்னாடி செய்யிறவன் முன்னாடி தள்ளக்கூடாது, முன்னாடி சரக்கு தேவப்படுறவன் வந்து இழுக்கணும்.

மொதல்ல ஒரு நோட்டு வாங்குங்க. ரெண்டு வாரம் தினமும் வித்தத எழுதுங்க, சுட்டத இல்ல. சரக்கு எத்தன மணிக்குத் தீந்துச்சுன்னும் எழுதணும், சாயங்காலம் 4 மணிக்கே தீந்துட்டா அதுக்கப்பறம் வந்து கேட்டுட்டுப் போனவங்க கணக்குல வரமாட்டாங்க, அந்தக் கணக்க நம்பினா எப்பவும் கம்மியாத்தான் சுடுவீங்க.

அடுத்து கார்டு. ஜப்பான்காரங்க கான்பான்னு சொல்றது இதத்தான். நாங்க பழைய கல்யாணப் பத்திரிகைய வெட்டி, பின்பக்கம் "சாதா வர்க்கி 4 கிலோ"ன்னு எழுதி டின்னுக்கு ஒண்ணா கட்டி விட்டோம். கடையில டின்ன தொறந்து விக்க ஆரம்பிச்ச உடனே கார்டு கழண்டுடும், பின்ன அது அடுப்புப் பக்கத்து ஆணிக்கு வந்து சேரும், மாஸ்டர் அத எண்ணித்தான் மாவு தட்டுவாரு. கார்டு இல்லன்னா தட்டக்கூடாது. மொத வாரம் மாஸ்டர் "என்னங்க, அடுப்பு சூடா சும்மா கெடக்குது, ரெண்டு தட்டு போட்டுடட்டுமா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு, மனசு கேக்காது, ஆனா அந்த ரெண்டு தட்டுதான் செவ்வாய்க்கிழம நமத்துப் போறது.

எத்தன கார்டு வேணும்? ஒரு நாள் விற்பனைய, கார்டு போயி சரக்கு திரும்பி வர ஆகுற நாளால பெருக்கி, கொஞ்சம் பாதுகாப்புக்கு சேத்து, ஒரு டின் கொள்ளளவால வகுத்துடணும். எங்களுக்கு நாளைக்கு 40 கிலோ, திரும்பி வர 1 நாள், மேல 20 சதவீதம், ஆக 48 கிலோ, 4 கிலோ டின்னுன்னா 12 கார்டு.

டூரிஸ்ட் வண்டிக்காரர் சனிக்கிழமைக்கு 60 கிலோ கேட்டா வெள்ளிக்கிழம ராத்திரி எல்லாரையும் போட்டு வாட்டாதீங்க. புதன்லேர்ந்து நாளைக்கு 20 கிலோவா கூட சேத்து சுட்டு இறுக்கி மூடி வைங்க, இது கார்டுக்கு வெளிய தனிக்கணக்கு.

இப்ப முக்கியமான விஷயம், மலை ரோடு. சமவெளியில எழுதி வச்சத அப்படியே இங்க பண்ணினா அடி வாங்குவீங்க. எங்களுக்கு தினம் 25 கிலோ மைதா, அரை மூட்டை, மேட்டுப்பாளையத்துலேர்ந்து வாரம் ரெண்டு தடவ லோடு வருது. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மேட்டுப்பாளையம் ரோட்டுல பர்லியார் பக்கம் எப்ப மண்ணு சரியும்னு யாருக்கும் தெரியாது, கோத்தகிரி சுத்தி வரலாம்தான், ஆனா எல்லா வண்டியும் அங்கயே திரும்பும். அதனால அந்த மூணு மாசம் மட்டும் வழக்கத்துக்கு மேல 3 மூட்டை, அதாவது 6 நாள் மாவு, பலக மேல ஏத்தி வச்சிருப்போம். டால்டாவும் அதே மாதிரி. விறகுக்கு ஜஸ்ட்-இன்-டைமே கெடையாது, ஈர விறகு வந்து எறங்கினா அடுப்பு ஏறாது, பிப்ரவரி மார்ச்சுலயே வாங்கி காய வச்சிடணும்.

டொயோட்டாவே இதுல மாட்டியிருக்கு. 1997 பிப்ரவரி 1ஆம் தேதி பிரேக் வால்வு செஞ்சு குடுத்த ஐசின் ஃபேக்டரி தீப்புடிச்சப்ப கையில சில மணி நேரத்துக்குத்தான் வால்வு இருந்துச்சு, லைன் எல்லாம் நின்னு போச்சு. மத்த சப்ளையர்கள் கூடி ஆளுக்குக் கொஞ்சம் செஞ்சு குடுத்துதான் ஒரு வாரத்துக்குள்ள திரும்ப ஓட ஆரம்பிச்சது. நம்மூர்ல அதுக்குப் பேரு கைமாத்து. பக்கத்து பேக்கரிக்காரங்ககிட்ட ஒரு மூட்டை கைமாத்து கேக்குற அளவுக்கு உறவு இருந்தா அது குடோன்ல இருக்கிற மூட்டைய விட மேல.

சீசனுக்கு கார்ட கூட்டணும். மே மாசம் எங்களுக்கு நாளைக்கு 70 கிலோ வரைக்கும் போகும், அப்ப 21 கார்டு. 2025 சீசன்ல கோர்ட்டு நீலகிரிக்கு வார நாள்ல 6000 வண்டி, வாரக்கடைசியில 8000 வண்டின்னு வரம்பு வச்சப்ப கணக்கு போடக் கொஞ்சம் ஈசியா இருந்துச்சு, யாவாரம் கொறஞ்சுதான்னு கேட்டா அது வேற பஞ்சாயத்து. ஜூன் பொறந்ததும் கூட்டின 9 கார்டையும் எடுத்து டிராயர்ல போட்டுடணும், எல்லாரும் கோட்டை விடுறது இங்கதான்.

எல்லாம் நல்லா ஓடுதேன்னு தோணுறப்ப ஒரு கார்ட உருவுங்க. நாங்க 12ல ஒண்ணு உருவினோம், ஒண்ணும் ஆகல. 10லயும் ஓடுச்சு. 9க்கு வந்ததும் மத்தியானம் சரக்கு இல்லாம நின்னுச்சு, என்னன்னு பாத்தா காலி டின்னும் கார்டும் ராத்திரி ஒரே தடவதான் கடையிலேர்ந்து திரும்பி வந்துக்கிட்டிருந்துச்சு. பால் எடுத்துட்டுப் போற ஆட்டோ மத்தியானம் காலியாத்தான் திரும்பும், அதுல ஏத்தி விட்டோம். இப்ப 9லயே ஓடுது. 8க்கு மாஸ்டர் இன்னும் ஒத்துக்கல.