சர்வருக்கு எந்த ஓஎஸ் போடறது? மாங்கன்னு நர்சரி சைட்டு படுத்தி எனக்குக் கத்துக்குடுத்தது

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ல மாங்கன்னு நர்சரி வெச்சிருக்கற ஒரு அண்ணனுக்கு நான்தான் வெப்சைட் பண்ணிக் குடுத்தேன். என்ன ரகம், என்ன விலை, எத்தனை கன்னு இருக்குன்னு பாக்கறதுக்கு, அவ்ளோதான். ஓடுனது சென்ட்ஓஎஸ் 7-ங்கற இலவச லினக்ஸ் ஓஎஸ்ல. 2024 ஜூலைல, மழை புடிச்சு கன்னு வாங்க ஆளுங்க வர்ற நேரம் பாத்து சைட்டு எழுதுன மொழியான பிஹெச்பிக்கு ஒரு மாட்யூல் போடலாம்னு, சாஃப்ட்வேர் இறக்கற யம் கமாண்டை அடிச்சா, எங்கிருந்து இறக்கணும்னு பட்டியல் குடுக்கற மிரர்லிஸ்ட் ஹோஸ்ட்டே கண்டுபிடிக்க முடியலன்னு எரர். நெட் பிரச்சனைன்னு நெனச்சு டிஎன்எஸ் மாத்தி, ரீபூட் பண்ணி ஒரு ராத்திரி முழுக்க போச்சு. அப்புறம்தான் தெரியுது, ஜூன் 30-ஓட அதுக்கு சப்போர்ட்டே முடிஞ்சுபோச்சு, மிரரையும் தூக்கிட்டாங்க.

அதனால ஓஎஸ் எடுக்கறதுக்கு முன்னாடி மொதல்ல பாக்க வேண்டியது முடியற தேதி. உபுண்டுவுல எல்டிஎஸ், அதாவது நீண்டகால சப்போர்ட் உள்ளது மட்டும் எடுங்க, இரட்டைப்படை வருஷம் ஏப்ரல்ல வர்றது, அஞ்சு வருஷம் அப்டேட் வரும், அதாவது 24.04 போட்டா 2029 வரைக்கும். நடுவுல வர்ற மத்ததுக்கெல்லாம் ஒம்போதே மாசம், சர்வர்ல அதைப் போடாதீங்க. டெபியன் 12-க்கு எல்டிஎஸ்ஸும் சேத்து 2028 ஜூன், 13-க்கு 2030. சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாற்றா வந்த அல்மாலினக்ஸ் 9, ராக்கி 9 ரெண்டுமே 2032 மே வரைக்கும். தேதியையும் கண்ணை மூடிட்டு நம்பக்கூடாது, சென்ட்ஓஎஸ் 8 2029 வரைக்கும்னு சொல்லிட்டு 2020 டிசம்பர்ல அறிவிச்சு அடுத்த வருஷக் கடைசியிலயே மூடிட்டாங்க. சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம்னு இப்ப இருக்கறது பழைய சரக்கு இல்ல, ரெட் ஹேட் கம்பெனியோட லினக்ஸ்ல அடுத்து வரப்போறதை முன்னாடியே வாங்கிக்கறது.

அடுத்து பேனல், அதாவது பிரவுசர்லயே சர்வரை நிர்வாகம் பண்ற சாஃப்ட்வேர். அதுல சிபேனல் வேணும்னா டெபியன் ஆகாது, அல்மா, உபுண்டு எல்டிஎஸ் மாதிரி ஒன்னுதான். நான் பேனலே போடறதில்லைங்க, ஒரு ஜிபி ராம்ல அதுவே பாதியை முழுங்கிடும். புதுசா வர்ற வேலைக்கெல்லாம் டெபியன்தான், உபுண்டுவோட ஸ்னாப்ங்கற சாஃப்ட்வேர் பேக்கேஜ் முறை எனக்கு ஒத்துவரல. ஆனா நீங்க இப்பதான் ஆரம்பிக்கறீங்கன்னா உபுண்டுவே போங்க, எரரைத் தேடுனா பதில் கிடைக்கும்.

ஒரு விஷயம், ஸ்டேபிள்னா கிராஷ் ஆகாதுன்னு மட்டும் அர்த்தம் இல்ல, வெர்ஷன் நகராது. டெபியன்ல எஞ்ஜின்எக்ஸ்ங்கற வெப்சர்வரோட வெர்ஷன் நம்பர் பழசாவே நிக்கும், ஆனா செக்யூரிட்டி ஓட்டையை அந்தப் பழசுலயே அடைச்சுக் குடுப்பாங்க. செக்யூரிட்டி ஸ்கேனர் பழசுன்னு கத்துதுன்னு பயந்து வெளி ரெப்போவெல்லாம் (மத்தவங்க நடத்தற சாஃப்ட்வேர் கிடங்கு) சேத்துக்காதீங்க.

மாத்தும்போது இருக்கற சர்வர் மேலயே அப்கிரேடு வேணாம். பக்கத்துல புது விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கற மெய்நிகர் சர்வர்) ஒன்னு எடுங்க, முந்தின நாளே டிஎன்எஸ்ல டிடிஎல்லை, அதாவது அட்ரஸை எத்தனை செகண்டு ஞாபகம் வெச்சுக்கணுங்கறதை, 300 ஆக்கி வெச்சுட்டு, எல்லாம் ஓடுதான்னு பாத்தப்புறம் சைட்டு எந்த ஐபிக்குப் போகணும்னு சொல்ற ஏ ரெக்கார்டை மாத்துங்க.

நான் நர்சரிக்கு அல்மா 9 போட்டேன், யம் பழக்கம் இருக்கேன்னு. மொத பூட்லயே கர்னல் பேனிக், ஓஎஸ் கெளம்பாமயே நின்னுபோச்சு. எக்ஸ்86-64-வி2ங்கற கட்டளைத் தொகுதி இல்லாத சிபியுவுல அது கெளம்பாதாம். விபிஎஸ்காரங்க பழைய மாடல் சிபியு காட்டி வெச்சிருந்தாங்க, டிக்கெட் போட்டதும் மாத்திக் குடுத்தாங்க. வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

இப்ப என்னை ரெண்டு நாள் அழ வெச்ச இடம். ஃபைலையெல்லாம் ஹோம் ஃபோல்டருக்கு அனுப்பி, அங்கிருந்து எம்வி போட்டு வெப் ஃபோல்டருக்கு நகத்துனேன். சைட்டு திறந்தா 403, அதாவது அனுமதி இல்லன்னு எரர். பர்மிஷன் பாத்தேன், சரியாத்தான் இருக்கு. ஓனரை மாத்துனேன். கடைசில வெக்கத்தை விட்டு யாரும் எதுவும் செய்யலாம்னு 777-உம் குடுத்துப் பாத்தேன், அப்பவும் 403. காரணம் எஸ்இலினக்ஸ், வழக்கமான பர்மிஷனுக்கு மேல இன்னொரு காவல். சென்ட்ஓஎஸ் 7-ல அதை நான் மொத நாளே அணைச்சு வெச்சிருந்தேன், அதான் அப்படி ஒன்னு இருக்கறதே எனக்குத் தெரியல. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் இருக்கு, எம்வி போட்டா ஹோம் ஃபோல்டர் லேபிளோடயே வந்துரும், வீடு மாறிட்டு ரேஷன் கார்டுல பழைய அட்ரஸே இருக்கற மாதிரி. காப்பி பண்ற சிபி கமாண்டு போட்டிருந்தா புது எடத்து லேபிள் தானா ஒட்டியிருக்கும். ஃபைல் பட்டியல் காட்டற எல்எஸ் கூட பெரிய இசட் சேத்து அடிச்சா லேபிள் தெரியும், யூசர் ஹோம்னு வந்தா அதான் வில்லன். லேபிளைச் சரிபண்ற ரீஸ்டோர்கான்னு ஒரு கமாண்டு, பெரிய ஆர், சின்ன வி ஆப்ஷனோட வெப் ஃபோல்டர் மேல ஓட்டுனேன், ரெண்டு செகண்டுல சைட்டு வந்துருச்சு. கன்னு படம் அப்லோடு ஆகலன்னு அண்ணன் மறுநாள் போன் பண்ணாரு, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் எழுதவும் விடற லேபிளை செமேனேஜ்ங்கற கமாண்டுல குடுத்துட்டு திரும்ப ரீஸ்டோர்கான் ஓட்டணும். எஸ்இலினக்ஸையே அணைச்சுடுங்கன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, நானும் அந்த ஆளாத்தான் இருந்தேன்.

அப்டேட் 1: அப்டேட் ஓடும்போது கரண்டு போய் மோடம் ஆஃப் ஆயிருச்சு, பாதியில நிக்குதுன்னு பென்னாகரத்துல இருந்து ஒரு தம்பி கமெண்ட் போட்டிருந்தாப்ல. டிமக்ஸ்ங்கற டூலை மேல எழுதாம விட்டது என் தப்பு. அதுக்குள்ள ஓட்டுனா உங்க வீட்ல கரண்டு போனாலும் சர்வர்ல வேலை நடந்துட்டே இருக்கும், திரும்ப வந்து அட்டாச் பண்ணிக்கலாம்.

அப்டேட் 2: உபுண்டு 24.04-ல எஸ்எஸ்ஹெச் (வெளியில இருந்து சர்வர்ல லாகின் ஆகறது) போர்ட்டை கான்ஃபிக்ல மாத்தியும் பழைய 22-லயே திறக்குதுன்னு மூணு பேர் கேட்டுட்டீங்க. அதுல போர்ட்டைப் புடிச்சிட்டு இருக்கறது எஸ்எஸ்ஹெச் சாக்கெட். சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு குடுத்துட்டு, எஸ்எஸ்ஹெச் சாக்கெட்டை ரீஸ்டார்ட் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி ஃபயர்வால்ல புது போர்ட்டை திறந்துக்கோங்க, புது ஜன்னல்ல லாகின் ஆகற வரைக்கும் பழைய டெர்மினலை மூடாதீங்க.