அறுவை மேசையில் நோயாளியைக் கிடத்தும் முறை

குளச்சலிலோ முட்டத்திலோ பல ஆண்டுகள் வலை இழுத்துத் தோள் இறுகிப்போன ஒருவருக்கு மயக்கம் கொடுத்துவிட்டால், அவருடைய கை எந்தத் தடையுமின்றி விரிந்து வரும். தசைகள் தளர்ந்திருக்கும், வலிக்கிறது என்று சொல்ல அவரும் விழித்திருக்க மாட்டார். ஆகவே கிடத்தும் வேலை மயக்கத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். அறுவையின்போது இருக்க வேண்டிய நிலையில் கையையும் காலையும் அவரையே வைக்கச் சொல்லிப் பார்த்து, எங்கே பிடிக்கிறது, எந்த விரல் ஏற்கெனவே மரத்திருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் மிக மெலிந்தவர்களிடமும் இதைத் தவறவிடவே கூடாது.

மல்லாந்த நிலையில் கைப்பலகை உடம்பிலிருந்து 90 பாகைக்கு மேல் விரியக் கூடாது. விரிந்தால் கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் இழுபடும். உள்ளங்கை மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கவிழ்ந்திருந்தால் முழங்கையின் உட்புறத்தில் ஓடும் உல்நார் நரம்பு அழுந்தும். பின்தலை, பிட்டம், குதிகால் ஆகியவற்றுக்கு மெத்தென்ற தாங்கல் வேண்டும். தோல் எந்த உலோகப் பகுதியையும் தொடக் கூடாது. கிருமிநீக்கத் திரவம் முதுகுக்கடியில் தேங்கினால் டயதர்மி எனும் மின்வெட்டுக் கருவியால் வரும் தீக்காயத்துக்கு அதுவே வழியாகும்.

ஒருக்களித்துக் கிடத்தும்போது வைக்கும் சுருளை ‘ஆக்ஸிலரி ரோல்’, அதாவது அக்குள் சுருள், என்கிறோம். பெயரே தவறான இடத்தைக் காட்டுகிறது என்பது என் எண்ணம். கீழ்ப்பக்கத்து அக்குளுக்குள் திணிக்காமல், அதற்குச் சற்றுக் கீழே விலாவின் மேல் வைத்துவிட்டு, அந்தக் கையின் மணிக்கட்டில் நாடி கிடைக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். குப்புறக் கிடத்தினால் கண்மேல் அழுத்தம் இல்லை என்பதை அவ்வப்போது பார்க்க வேண்டும், பார்வையே போய்விடக்கூடும். வயிறும் அழுந்தாமல் தொங்க வேண்டும்.

அதிகக் கவனம் கேட்பது கால்களைத் தூக்கி வைக்கும் லித்தாட்டமி நிலை. இருவர் நின்று இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் மெதுவாக ஏற்றி, அதேபோல் இறக்க வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு தாங்கியின் கம்பியில் அழுந்தினால், பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகும். தளைநார் மாட்டிப் பனையேறுபவருக்கு அது பிழைப்பையே பறிக்கும். அறுவை 4 மணி நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால், இடையில் கால்களை இறக்கி வைப்பது பற்றி அறுவை மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள். மேசையின் கால்பகுதியை மீண்டும் உயர்த்தும் முன் நோயாளியின் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். விரல் நசுங்குவது அந்த ஒரு கணத்தில்தான்.

மேசையைச் சாய்க்கும்போதெல்லாம் உடம்பு வழுக்கும் என்பதால், முதலில் வைத்த தாங்கல்கள் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று துணிக்கடியில் கைவிட்டுப் பார்ப்பது மயக்கவியல் மருத்துவரும் சுற்றுச் செவிலியரும் சேர்ந்து செய்ய வேண்டியது.

கண்விழித்ததும் சுண்டுவிரலை அசைக்கவும் பாதத்தை மேலே மடக்கவும் சொல்லி, முன்பு எழுதிய குறிப்புடன் ஒப்பிடுங்கள். உல்நார் நரம்புக் கோளாறு பல வேளைகளில் ஒரு நாளுக்கு மேல் கழித்தே தலைகாட்டும் என்பதால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் வார்டில் அதே கேள்விகளைக் கேட்டுத் தாளில் எழுத வேண்டும்.