ஏ9 வீதியில் அறாமல் கதை கேட்க

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். கனடாவிலிருந்து வந்த அக்காவின் நூலக அட்டையில் லிப்பி செயலி வழியாக இரவல் எடுத்த ஒலிநூல்கள்தான் எங்களுக்குத் துணை. ஆனால் வன்னிக் காட்டுப் பகுதியில் சிக்னல் போனதும் கதை நல்ல இடத்தில் அறுந்துவிடும்.

இப்போது முதல்நாள் இரவே வீட்டு வைஃபையில் முழு நூலையும் இறக்கிவிடுகிறோம். அப்புறம் போனை ஏரோப்பிளேன் மோடுக்கு மாற்றி, கடைசி அத்தியாயத்தைத் தட்டிப் பார்ப்பேன். அது ஓடினால்தான் நம்புவேன். புளூடூத் மட்டும் திரும்பப் போட வேண்டியிருக்கும். இரவல் தவணையையும் பாருங்கள். நாள் முடிந்தால் நூல் தானாகவே திரும்பிப் போய்விடும்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்க இறங்கும்போது, “நிப்பாட்டு பிள்ளை, நான் வந்தாப்பிறகு போடு” என்கிறார் அம்மா. ஏறியதும் 15 விநாடி பின்னே தட்டிவிடுவேன்.