தட்டையான பின்தலை: சிக்கல் கழுத்தில் இருந்தது

மூன்றாம் மாதத்தில் எங்கள் மகளின் பின்தலை வலப்புறம் தட்டையானது. உச்சியிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்துக் காதும் சற்று முன்தள்ளித் தெரிந்தது. ஆச்சி எண்ணெய் தடவித் தலையை உருட்டியதும் கடுகுத் தலையணையும் பலன் தரவில்லை. அமெரிக்காவில் 1874-இல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய ஆஸ்டியோபதி (கைகளால் அழுத்தியும் நீவியும் செய்யும்) சிகிச்சை தலையைச் சீராக்கும் என்று உறவினர் ஒருவர் கூறவே, அதையும் தேடி அலைந்தோம்.

பாளையங்கோட்டைக் குழந்தை மருத்துவர், அதற்கு உறுதியான சான்று இல்லை என்றார். மண்டையோட்டு இணைப்புகள் முன்கூட்டியே மூடிவிடவில்லை என்பதைத் தடவிப் பார்த்து உறுதிசெய்த பின், கிலுகிலுப்பையை இடப்பக்கம் ஆட்டினார். கண்கள் முழுவதும் திரும்பின, கழுத்து பாதியில் நின்றுவிட்டது. கழுத்துத் தசை இறுக்கத்தால் அவள் வலப்பக்கமே திரும்பிப் படுத்ததே காரணம்.

இயன்முறை மருத்துவர் கற்பித்த கழுத்துப் பயிற்சிகளைச் செய்தோம். சேலைத் தொட்டிலைத் தவிர்த்து, வாசல் வெளிச்சம் இடப்பக்கம் விழும்படி பாயில் தலைமாட்டை மாற்றினோம். விழித்திருக்கையில் மட்டும் கண்காணிப்புடன் குப்புறக் கிடத்தி, உறக்கத்துக்கு மல்லாக்கவே படுக்கவைத்தோம். கழுத்து முதலில் இளகியது. தலை வெகு மெதுவாகவே உருண்டை வடிவம் பெற்றது.