முள் இறங்கினால் நம்பாதீர்கள்: கிளாசிக் கார் ரன்னில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் கிளாசிக் கார் கிளப்பின் இலையுதிர்கால ரன், அதாவது பழைய வண்டிகளைச் சேர்ந்து ஓட்டிப்போகும் ஒருநாள் பயணம். இங்கிலாந்தின் டெர்பிஷரில் பேக்வெல் ஊரிலிருந்து காலை பத்து மணிக்கு இருபத்திரண்டு வண்டிகள் கிளம்பின. மதியச் சாப்பாட்டுக்கு பப்பில் வந்து சேர்ந்தவை இருபத்தொன்று. வராத ஒன்று, ஆறு மாதத்துக்கு முன்பு கிளப்பில் சேர்ந்த ஒரு இளைஞரின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். திரும்பிப் போய்ப் பார்த்தால், ஒரு பண்ணையின் வாசலில் வண்டியின் முன்பக்கம் முழுவதையும் தூக்கி நிறுத்திவிட்டு நிற்கிறார். உள்ளேயிருந்து ஆவி வந்துகொண்டிருக்கிறது.

"சூட்டு மீட்டர் எப்போது ஏறியது?" என்று கேட்டேன்.

"நாலைந்து மைலுக்கு முன்பே ஏறிவிட்டது."

"அப்போதே ஏன் நிறுத்தவில்லை?"

"எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். என்னால் தாமதமாக வேண்டாமே என்று..."

ஒன்பது வருடத்துக்கு முன்பு, அதே சாலையில் நின்றுகொண்டு நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பெட்ரோல் போடுங்கள், டயரில் காற்று பாருங்கள், குடையை மறக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

எம்ஓடி தேவையில்லை என்று சும்மா இருப்பது

பிரிட்டனில் 40 வயதைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி என்கிற வருடாந்திர வாகனத் தகுதிப் பரிசோதனை கட்டாயமில்லை. சாலை வரியும் கட்ட வேண்டாம். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இது பெரிய வசதிதான். ஆனால் விலக்கு பரிசோதனைக்கு மட்டுமே. சாலையில் ஓடுகிற வண்டி ஓடத் தகுதியான நிலையில் இருக்க வேண்டும் என்ற சட்டம் அப்படியேதான் இருக்கிறது. ஏதாவது நடந்தால் பொறுப்பு ஓட்டுகிறவருடையது.

நான் ஒவ்வொரு செப்டம்பரிலும் என் வண்டியை எம்ஓடிக்குக் கொண்டுபோகிறேன். அதை லிஃப்டில் ஏற்றி, அடியில் நின்று, எனக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்கிறார். என் கண்ணுக்குப் பழகிப்போன துரு அவர் கண்ணுக்குப் புதிதாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு பின்பக்க பிரேக் குழாய் ஒன்று அரித்துப்போயிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

டயரில் பள்ளத்தை மட்டும் பார்ப்பது

வருடத்துக்கு ஆயிரம் மைல் ஓடுகிற வண்டியில் டயர் தேயாது, வயதாகும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 3212 என்றால் 2012-ம் ஆண்டின் 32-வது வாரத்தில் தயாரானது. பள்ளம் புதிது போலவே இருக்கும். ரப்பர் இறுகிக் கட்டையாகியிருக்கும். அக்டோபரில் இந்தக் கிராமத்துச் சாலைகளில் பீச் மரத்து இலைகள் நனைந்து படிந்து கிடக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

முன்னால் போகிறவரை விட்டுவிடக் கூடாது என்று ஓட்டுவது

இதைத்தான் சொல்ல வந்தேன். எல்லாத் தவறுகளிலும் விலை அதிகமானது இது. இன்னமும் நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் துளியும் அவசியமில்லாத தவறு.

என்னிடம் இருப்பது 1972-ம் வருடத்து எம்ஜிபி ஜிடி. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்த வண்டி வரிசை. எஞ்சின் 1798 சிசி, பி-சீரிஸ். நம் ஊர் அம்பாசிடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி எஞ்சினும் இதே குடும்பம்தான். பானெட்டை முதல்முறை திறந்தபோதே ஏதோ தெரிந்த முகத்தைப் பார்த்தது போல இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த ரன் நடந்தது அக்டோபர் பள்ளி விடுமுறை வாரத்தில். ஹோப் பள்ளத்தாக்கு வழியாக காசில்டன் வந்து, அங்கிருந்து வின்னாட்ஸ் கணவாய் ஏறி, பக்ஸ்டன் பக்கம் சாப்பாடு. மாம் டார் மலையோரம் போன பழைய சாலை மண்சரிவால் 1979-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்குப் பிறகு மேற்கே போகிற கார்களுக்கு வின்னாட்ஸ்தான் வழி. இருபுறமும் சுண்ணாம்புக்கல் சுவர் போல எழும்பி நிற்க, நடுவே ஒடுங்கிய சாலை. ஐந்தடி போனால் ஓரடி ஏறுகிற செங்குத்து. அன்று சுற்றுலாக் கூட்டம் வேறு. பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி.

என் வண்டியின் ரேடியேட்டர் ஃபேன் எஞ்சினோடு பெல்ட்டில் இணைந்தது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும், தண்ணீர் பம்ப்பும் அப்படியே. ஆகவே ஏற்றத்தில் நின்று நின்று போகும்போது சூடு ஏறுகிறது, அதைக் கடத்தக் காற்று இல்லை. சூட்டு மீட்டரின் முள் மெல்ல ஏறியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, முன்னால் போன ஜாகுவாரின் பின்விளக்கைத் தொடர்ந்துகொண்டே இருந்தேன். புதிய உறுப்பினர், அந்தக் கூட்டத்தில் ஒரே தமிழன், முதல் ரன். ஓரம் கட்டினால் பின்னால் வருகிற பன்னிரண்டு வண்டிகளும் நிற்குமே என்ற கூச்சம்.

கணவாயின் உச்சியைத் தாண்டியதும் முள் சரசரவென்று இறங்கியது. மேலே வந்துவிட்டோம், காற்று அடிக்கிறது, எஞ்சின் ஆறிவிட்டது என்று நிம்மதியானேன்.

எஞ்சின் ஆறவில்லை. தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. முள்ளை நகர்த்துகிற சென்சார் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அது வெறும் காற்றில் தொங்கும். உலோகம் கொதித்துக்கொண்டிருக்க, முள் மட்டும் கீழே போகும். ஏறிய முள் காரணமே இல்லாமல் சட்டென்று இறங்கினால் அதுதான் மிக மோசமான அறிகுறி. அந்த நொடியே எஞ்சினை அணைக்க வேண்டும். எனக்கு அப்போது இது தெரியாது. இன்னும் மூன்று மைல் ஓட்டினேன். எஞ்சினில் கடகடவென்று ஒரு தட்டல், இழுவை குறைந்தது, பிறகு கண்ணாடி முழுக்க ஆவி.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் காஸ்கெட் போனது. வார்ப்பிரும்பு ஹெட்டில், இரண்டு வால்வுகளுக்கு நடுவே விரிசல். வேறு ஹெட் தேடி, மெஷின் ஷாப் வேலை, கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் பவுண்டைத் தாண்டியது. அந்தக் குளிர்காலம் முழுக்க வண்டி கேரேஜில். மூலகாரணம், கீழ்ப்பக்க ஹோஸில் தளர்ந்துபோன ஒரு கிளிப். இரண்டு வாரத்துக்கு முன்பே கேரேஜ் தரையில், ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் ஆன்டிஃப்ரீஸின் நீல நிறக் கறை ஒன்றைப் பார்த்திருந்தேன். ரன் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இரும்பு ஹெட் இந்த அளவோடு விட்டது. டிரையம்ப் ஸ்டாக் வைத்திருப்பவர்களுக்கு இதுவும் கிடையாது. அதன் மூன்று லிட்டர் வி8 எஞ்சினில் ஹெட் அலுமினியம், தண்ணீர் பம்ப் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலே பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கிவிடும், ஹெட் வளைந்துபோகும்.

கோயம்புத்தூரில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் அம்பாசிடர் டாக்ஸி வைத்திருந்தார். சிறுவயதில் குடும்பத்தோடு குன்னூர் போகும்போதெல்லாம் அவர் வண்டிதான். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் பர்லியாரில் கட்டாயம் நிறுத்துவார். முள் ஏறியிருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் இல்லை. பானெட்டைத் திறந்துவிட்டு, "வண்டி கொஞ்சம் மூச்சு வாங்கட்டும், நீங்க டீ சாப்பிட்டு வாங்க" என்பார். டிக்கியில் எப்போதும் இரண்டு கேன் தண்ணீர். யாரும் அவரைக் குறை சொன்னதில்லை, அவரும் கூச்சப்பட்டதில்லை. அதே எஞ்சின் குடும்பத்தை அதைவிடச் சிறிய மலையில் ஓட்டிய நான், அவரிடம் பார்த்ததை அப்படியே மறந்திருந்தேன்.

சரி, முள் ஏறினால் என்ன செய்வது? முதலில் ஹீட்டரை முழுசாகத் திறந்து, அதன் ஃபேனையும் போடுங்கள். ஹீட்டர் என்பது இன்னொரு சின்ன ரேடியேட்டர்தான். உங்களுக்கு வியர்க்கும், எஞ்சினுக்குக் கொஞ்சம் இறங்கும். வரிசையில் நிற்கும்போது நியூட்ரலில் போட்டு லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஃபேனும் பம்ப்பும் வேகமெடுக்கும். அப்படியும் இறங்கவில்லையா, ஓரம் கட்டுங்கள். எஞ்சினை அணையுங்கள். அரை மணி நேரமாவது காத்திருங்கள். கொதிக்கிற எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், அதனாலேயே ஹெட் விரிசல் விடும்.

பின்னால் வருகிறவர்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். ரன் என்பது ஊர்வலமல்ல. உங்கள் கையில் ரூட் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அம்புக்குறி போட்ட டியூலிப் படம் இருக்கிறது, மைல் கணக்கு இருக்கிறது. பாதி வழியில் விட்டுப்போனாலும் தனியாக வந்து சேரலாம். எல்லோரும் ஒட்டிக்கொண்டு போனால் உள்ளூர்க்காரர்கள் முந்த முடியாமல் திணறுவார்கள், அதுவும் கெட்ட பெயர். மூன்று நான்கு வண்டிகளாகப் பிரிந்து, நடுவே நல்ல இடைவெளி விட்டுப் போவதுதான் முறை. நீங்கள் ஓரம் கட்டினால் யாராவது ஒருவர் நிச்சயம் நிற்பார். அவர் டிக்கியில் தண்ணீரும் ஸ்பேனரும் ஃபேன் பெல்ட்டும் இருக்கும். சந்தோஷமாகத்தான் நிற்பார்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பது

திறக்காதீர்கள். முகம் வெந்துபோகும்.

எண்ணெய் மூடியின் அடியில் வெண்ணெய் போலப் படிந்திருப்பதைப் பார்த்துப் பயப்படுவது

மேலே காஸ்கெட் போன கதையைப் படித்துவிட்டு உடனே ஓடிப்போய் மூடியைத் திறப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். குளிர் தொடங்கியதும் குறுகிய தூரமே ஓடுகிற வண்டிகளில் ஈரம் எண்ணெயோடு கலந்து மூடியின் அடியில் கொஞ்சம் வெளுப்பாகப் படியும். முப்பது மைல் நன்றாக ஓட்டினால் போய்விடும். ஆயில் குச்சியில் இருக்கும் எண்ணெயே பால் கலந்தது போல இருந்தால், தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், அப்போது காஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

சோக்கை உள்ளே தள்ள மறப்பது

குளிர்ந்த எஞ்சின் கிளம்பக் கூடுதல் பெட்ரோல் விடும் குமிழ்தான் சோக். ஒரு மைலுக்குள் தள்ளிவிடுங்கள். கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற எண்ணெயைக் கழுவிவிடும்.

சாயங்காலத்தை மறந்து கிளம்புவது

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அன்றிலிருந்து மாலை ஐந்து மணிக்குள் இருட்டத் தொடங்கிவிடும். சாப்பாடு, காபி, பார்க்கிங்கில் நின்று ஒவ்வொரு வண்டியாகப் பேசுவது என்று மூன்றரை ஆகிவிட்டால் வீடு போவது இருட்டில்தான்.

1967 வரைக்குமான எம்ஜிபிகளில் பேட்டரியை சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஏறத்தாழ ஒன்றுமே தராது. ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் ஃபேன் மூன்றையும் போட்டுக்கொண்டு டிராஃபிக்கில் நின்றால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். கிளம்பும் முன் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டிகளின் பின்விளக்கு சின்னது, மங்கலானது. லாரி ஓட்டுகிறவருக்கு நீங்கள் அங்கே இருப்பதே தெரியாமல் போகலாம்.

குளிர்காலத்துக்கு நிறுத்தும் முன் கிடைத்த பெட்ரோலை நிரப்புவது

2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோல் ஈ10 ஆகிவிட்டது, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது மெல்ல அரிக்கும். நான்கு மாதம் டேங்கில் கிடந்தால் ஈரத்தையும் இழுக்கும். கடைசி ரன்னிலிருந்து திரும்பும் வழியில் எத்தனால் குறைவான ஈ5 சூப்பர் போட்டு டேங்கை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். ஆன்டிஃப்ரீஸையும் அப்போதே பாருங்கள். எங்களுடையதைப் போன்ற வண்டிகளுக்குப் பழைய வகை, நீல நிறத்தில் வருவதுதான் சரி. நவீன கார்களுக்கான ஓஏடி வகை பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றவைப்புக்கு ஒத்துக்கொள்ளாது.

சாப்பாட்டுப் பட்டியலுக்குப் பதில் அனுப்பாமல் இருப்பது

நாற்பது பேருக்கு இடம் பிடிப்பவரும் உங்களைப் போல ஒரு உறுப்பினர்தான், சம்பளம் வாங்குகிறவர் அல்ல. சைவமென்றால் அப்போதே சொல்லுங்கள்.

ரன்னுக்கு மட்டும் வந்து, பப் கூட்டத்துக்கு வராமல் இருப்பது

மாதம் ஒரு சாயங்காலம் பப்பில் கூடுவதை இங்கே 'நாகின் அண்ட் நாட்டர்' என்கிறார்கள். ஆளுக்கொரு கிளாஸ், அப்புறம் பேச்சு. நிகழ்ச்சி நிரல் கிடையாது. சும்மா அரட்டைதானே என்று முதல் இரண்டு வருடம் நான் போகவில்லை. அந்த முள் விஷயத்தை, தண்ணீர் தீர்ந்தால் முள் இறங்கும் என்பதை, எனக்குச் சொன்னவர் அங்கே ஒவ்வொரு மாதமும் அதே மூலையில் உட்காருகிற எண்பது வயதுக்காரர். ஹெட் போன பிறகு சொன்னார். முன்பே போயிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்.

ஸ்பிட்ஃபயர்காரர் போன செவ்வாய்க்கிழமை வந்திருந்தார். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கதவோரம் நின்றவரை அந்த மூலை மேசைக்கு அழைத்துப்போனேன். ஒன்பது மணிக்குள் ஒருவர் தன் கேரேஜில் சும்மா கிடக்கும் ரேடியேட்டரைத் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் ஹெட்டைச் சமன் செய்து தருகிற மெஷின் ஷாப்பின் நம்பரை பீர் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தார். நவம்பர் ரன்னுக்குள் வண்டி தயாராகாது. அதனால் அன்று என் பக்கத்து சீட்டில், ரூட் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வருகிறார். வழி வின்னாட்ஸ்தான். டிக்கியில் இரண்டு கேன் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது.