கடல்மீன் தொட்டிக்கு உப்புத்தண்ணீர் கலக்கும் விதம்

கடல் வாசலிலேயே கிடக்க, உப்புத்தூளுக்குக் காசு கொடுப்பதா என்று கிழக்கிலங்கையின் கல்லடியிலும் கல்முனையிலும் கேட்பார்கள். முதல் தொட்டி என்றால் கொடுங்கள். மாரி காலத்தில் ஆறும் வாவியும் பாய்ந்து கரையோரக் கடலின் உப்பு இறங்கிவிடும். வயல் மருந்தும் ஊர் அழுக்கும் கூடவே வரும். வாவித் தண்ணீர் எந்தக் காலத்திலும் வேண்டாம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டியிருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்து அதன் உப்பு மாறிக்கொண்டே இருக்கும். சமையல் உப்பும் சரிவராது: அது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைட்டு. பவளத்துக்கு வேண்டிய கல்சியமும் மகனீசியமும் போதியளவு இராது. கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக்கலவைதான் வேண்டும்.

ஆனால் உப்பைவிடக் கவனம் வேண்டியது அதைக் கரைக்கும் தண்ணீர். நமது மணல் நிலத்தில் கிணறு ஆழமில்லை, மலசலகூடக் குழியும் தூரமில்லை. அந்தத் தண்ணீரில் நைத்திரேற்று கலந்திருக்கலாம். கொதிக்கவைத்தால் அது போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். தொட்டிக்குள் பாசி அடர்ந்து வளர அதுவே தீனி. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் ஒரு நாள் காற்றடித்தால் பறந்துவிடும், கரைந்திருக்கும் மற்றவை அப்படியே நிற்கும். ஆகவே கரைந்திருப்பவற்றில் பெரும்பகுதியைச் சவ்வால் பிரிக்கும் ஆர்.ஓ. வடிகட்டியும், அதற்குப் பின்னால் மிச்ச அயன்களைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குழாயும் பூட்டுங்கள். தண்ணீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் ரி.டி.எஸ். மீற்றர் 0 காட்டவேண்டும். எண் ஏறத் தொடங்கினால் ரெசின் முடிந்துவிட்டது. குடிக்க விற்கும் ஆர்.ஓ. தண்ணீரில் சிலர் கனிமங்களைத் திரும்பச் சேர்ப்பார்கள். மீற்றரைக் கையில் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள்.

100 லீற்றர் கலக்க, உணவுப் பொருளுக்கான பிளாஸ்ரிக் பரல் ஒன்று போதும். மருந்து இருந்த பரலை எத்தனை தரம் கழுவினாலும் பாவிக்காதீர்கள். உலோகப் பாத்திரமும் ஆகாது. சிறிதளவு செம்பு கரைந்தாலே இறாலும் பவளமும் செத்துவிடும்.

முதலில் தண்ணீர், பிறகு உப்பு. இந்த ஒழுங்கை மாற்றவே கூடாது. தண்ணீருக்குள் பவர்ஹெட்டை (தண்ணீரைச் சுழற்றும் சிறு பம்பியை) ஓடவிட்டு, 3.5 கிலோ உப்பைக் கோப்பை கோப்பையாகத் தூவுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால், அந்தச் செறிவில் கல்சியமும் காபனேற்றும் சேர்ந்து வெள்ளைப் படிவாக அடியில் ஒட்டிக்கொள்ளும். அது திரும்பக் கரையாது. காரத்தன்மை குறைந்துபோன அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு மீண்டும் கலப்பதே நல்லது. தொடக்கத்தில் பால்போலக் கலங்குவது வேறு விடயம், அது தெளிந்துவிடும். 24 மணித்தியாலம் சுழலவிடுங்கள்.

இலக்கு ஆயிரத்துக்கு 35 (1,000 கிராம் உப்புத்தண்ணீரில் 35 கிராம் உப்பு), அதாவது ஒப்படர்த்தி (சுத்தமான தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) ஏறக்குறைய 1.026. நிறையை மட்டும் நம்பாதீர்கள்: நமது கடற்காற்றில் திறந்து வைத்த உப்பு ஈரம் குடித்துப் பாரமாகிவிடும், அதே 3.5 கிலோவில் உப்பு குறையும். ஒளி முறிவைக் கொண்டு உப்பைக் காட்டும் றிஃப்ரக்டோமீற்றரால் அளவுங்கள். அதை வெறுந்தண்ணீரில் 0க்குச் சரிசெய்தாலும் 35இல் பிழை காட்டக்கூடும். 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் 36.5 கிராம் சுத்தமான, உலர்ந்த சோடியம் குளோரைட்டைக் கரைத்தால் அந்தக் கருவி 35 காட்டவேண்டும். காட்டாவிட்டால் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். ஊசி ஆடும் மலிவான பிளாஸ்ரிக் அளவி என்றால், ஊசியில் ஒட்டிய காற்றுக்குமிழியைத் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கூட்டிக் காட்டும்.

33 நின்றால் இன்னும் 200 கிராம் அளவில் போட்டுக் கரைத்து மறுபடி பாருங்கள். 37 ஆகிவிட்டால் 5.4 லீற்றரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் விடுங்கள்.

உப்புச் சரியானதும் மீன் வாங்க ஓடவேண்டாம். கழிவை மாற்றும் பக்ரீரியா கல்லிலும் மணலிலும் நிலைகொண்டு, மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைத்திரைற்றும் 0க்கு இறங்கப் பெரும்பாலும் 4 முதல் 6 கிழமை எடுக்கும்.

நமது வெயிலுக்குத் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். கண்ணாடியில் ஒரு கோடு கீறி, மட்டம் இறங்கும்போதெல்லாம் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை அந்தக் கோடு வரை விடுங்கள்.