பேச்சை எடுக்க ‘டேக்’ வேண்டாம்: ‘பிரிங் அப்’ பழகும் முறை

“நேத்து அந்தப் பேச்சை ஏன் எடுத்தே?” இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், பலரும் முதலில் ‘எடு’ என்பதற்குச் சொல் தேடுவார்கள். ‘டேக்’ கிடைக்கும். “ஒய் டிட் யூ டேக் தட் டாபிக்?” என்று வாக்கியமும் அமைந்துவிடும். ஆனால் கேட்பவருக்கு, கட்டுரைக்கோ பேச்சுப் போட்டிக்கோ அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்ததாகத்தான் படும். சொல்ல வேண்டியது இது: “ஒய் டிட் யூ பிரிங் தட் அப் யெஸ்டர்டே?”

ஒரு விஷயத்தைப் பேச்சில் கொண்டுவர அன்றாட ஆங்கிலத்தில் இருக்கும் சொல் ‘பிரிங் அப்’. பொருள் எளிது. தவறு வருவதெல்லாம் அதைச் சுற்றியுள்ள குட்டிச் சொற்களில்தான்: ‘இட்’ எங்கே வரும், ‘அபவுட்’ வேண்டுமா, ‘டு’வா ‘வித்’தா. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: எடுத்தீர்களா, வந்ததா?

தமிழில் ‘பேச்சை எடுத்தேன்’ வேறு, ‘பேச்சு வந்தது’ வேறு. ஆங்கிலத்திலும் அதே இரண்டு உண்டு. நீங்கள் எடுத்தால் ‘பிரிங் அப்’, தானாக வந்தால் ‘கம் அப்’. “யுவர் நேம் கேம் அப்” என்றால் ‘உங்க பேச்சு வந்துச்சு’. ‘கம் அப்’ முன்னால் ‘வாஸ்’ போடக்கூடாது. “த டாபிக் வாஸ் கேம் அப்” தவறு. ‘வாஸ்’ வேண்டுமென்றால் ‘பிரிங் அப்’புக்கு மாறுங்கள்: “த டாபிக் வாஸ் பிராட் அப்.” யார் எடுத்தார்கள் என்று காட்டிக்கொடுக்க விருப்பமில்லையா? “இட் ஜஸ்ட் கேம் அப்” போதும். நம் ‘பேச்சுவாக்கில் வந்துச்சு’ செய்யும் அதே வேலையை அது செய்யும்.

படி 2: ‘இட்’ நடுவில்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. ‘பிரிங் அப் இட்’ என்று சொல்லவே கூடாது. இட், தட், திஸ், தெம் போன்ற சுட்டுச் சொற்கள் ‘பிரிங்’குக்கும் ‘அப்’புக்கும் இடையில்தான் உட்காரும்: பிரிங் இட் அப், பிரிங் தெம் அப். பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடமும் சரி: “பிரிங் அப் த ரென்ட்”, “பிரிங் த ரென்ட் அப்”. பெயர் நீண்டுவிட்டால் பின்னால் தள்ளிவிடுங்கள்: “ஷி பிராட் அப் த ப்ராப்ளம் வித் த வாட்டர் சப்ளை.” ‘அப்’ அவ்வளவு தூரம் காத்திருந்தால் கேட்பவருக்கு வாக்கியம் கைநழுவும்.

காரணம் ஓசையில் இருக்கிறது. ஆங்கிலம் புதிய செய்தியையும் கனமான சொல்லையும் கடைசியில் வைக்கும். ‘இட்’ என்பது இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயம், அழுத்தமில்லாத சொல். அதனால் உள்ளே ஒடுங்கிக்கொள்கிறது, அழுத்தம் ‘அப்’புக்குப் போகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்று சொல்லாகப் பிரிக்காமல் ‘பிரிங்கிடப்’ என ஒரே மூச்சில், ‘டப்’பில் அழுத்தி. பத்து முறை சொன்னால், ‘பிரிங் அப் இட்’ பிறகு வாயிலேயே வராது.

இறந்தகாலம் ‘பிராட்’. அதில் ‘ர’ மறைந்தால் ‘பாட்’ ஆகிவிடும், அதாவது ‘வாங்கினேன்’. “ஐ பாட் இட் அப்” என்றால் இருந்ததையெல்லாம் மொத்தமாக வாங்கிவிட்டதாக அர்த்தம். ‘டிட்’ வந்தால் ‘பிராட்’ வராது: “ஐ டிட்ன்ட் பிரிங் இட் அப்.”

படி 3: ‘பற்றி’யைக் கழற்றுங்கள்

தமிழில் ‘அதைப் பற்றிப் பேசினோம், விவாதித்தோம், குறிப்பிட்டார்’ என்று எல்லாவற்றுக்கும் ‘பற்றி’ ஒட்டும். அந்தப் பழக்கத்தில்தான் ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘மென்ஷன் அபவுட்’ வருகின்றன. இரண்டும் தவறு. டிஸ்கஸ், மென்ஷன், ரெய்ஸ், பிரிங் அப் ஆகிய சொற்கள் விஷயத்தை நேரடியாகப் பிடிக்கும்: “வீ டிஸ்கஸ்ட் த பட்ஜெட்.” டாக், ஸ்பீக் இரண்டுக்கும் ‘அபவுட்’ வேண்டும். ‘டிஸ்கஷன்’ என்று பெயர்ச்சொல்லாக மாறினால் அங்கேயும் வரலாம்: “வீ ஹாட் எ டிஸ்கஷன் அபவுட் த பட்ஜெட்.” இந்த ஒரு வேறுபாடுதான் பலரையும் குழப்புகிறது.

அடுத்து ‘யாரிடம்’. பிரிங் அப், ரெய்ஸ், டிஸ்கஸ் மூன்றுக்கும் ‘வித்’: “ஐ பிராட் இட் அப் வித் மை மேனேஜர்.” ‘மென்ஷன்’ மட்டும் ‘டு’: “ஹி மென்ஷன்ட் இட் டு மீ.” இங்கே ‘இட் டு’ விழுந்து “ஹி மென்ஷன்ட் மீ” ஆனால் பொருளே புரண்டுவிடும். ‘என்னிடம் சொன்னார்’ போய் ‘என் பெயரைக் குறிப்பிட்டார்’ ஆகிவிடும்.

படி 4: கனம் பார்த்துச் சொல்

போகிற போக்கில் ஒரு வரி சொன்னால் ‘மென்ஷன்’. பேச வேண்டும் என்றே எடுத்தால் ‘பிரிங் அப்’. கூட்டத்தில், மின்னஞ்சலில், புகார் தொனியில் என்றால் ‘ரெய்ஸ்’: “ஐ’ட் லைக் டு ரெய்ஸ் அன் இஷ்யூ.” கடன், சொத்துப் பங்கு, கல்யாணப் பேச்சு என எடுக்கவே தயங்கும் விஷயத்துக்கு ‘ப்ரோச்’ பொருந்தும்: “ஐ டிட்ன்ட் நோ ஹவ் டு ப்ரோச் த சப்ஜெக்ட்.”

‘ரெய்ஸ்’ இடத்தில் ‘ரைஸ்’ சொல்லிவிடாதீர்கள். ‘ரைஸ்’ தானாக எழுவது, சூரியன் மாதிரி. ‘ரெய்ஸ்’ ஒருவர் எழுப்புவது. இரண்டிலும் கடைசி ஒலி ஈயின் ரீங்காரம்போல அதிர வேண்டும்; அதிராமல் சொன்னால் ‘ரைஸ்’ அரிசியாகிவிடும்.

‘டேபிள்’ என்ற சொல்லில் மட்டும் கவனம். பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஒன்றை ‘டேபிள்’ செய்வது என்றால் விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்காவில் நேர் எதிர், விவாதத்தைத் தள்ளிவைப்பது. அமெரிக்கர்கள் இருக்கும் கூட்டத்தில் ‘பிரிங் அப்’ சொல்வதே பாதுகாப்பு.

படி 5: முழுதாகக் கோர்ப்பது

சம்பள உயர்வு கேட்க மேலதிகாரியிடம் போகிறீர்கள். மூன்று வரி போதும்.

“டூ யூ ஹாவ் எ மினிட்?”
“தேர்’ஸ் சம்திங் ஐ வான்ட்டட் டு பிரிங் அப்.”
“இட்’ஸ் அபவுட் மை சாலரி.”

இரண்டாம் வரியில் ‘இட்’ இல்லை, பாருங்கள். ‘சம்திங்’ முன்னாலேயே வந்துவிட்டதால் “சம்திங் ஐ வான்ட்டட் டு பிரிங் இட் அப்” என்பது ஒரே பொருளை இருமுறை சொல்வதாகும். படி 2-ஐ நன்றாகப் பழகியவர்களே இங்கே அதிகம் தவறுகிறார்கள்.

‘வான்ட்’ ஏன் ‘வான்ட்டட்’ ஆனது? இப்போதுதானே கேட்கிறோம் என்று தோன்றும். “சார், ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்” என்று எதிரில் நின்றுகொண்டே நாமும் இறந்தகாலத்தில்தானே சொல்கிறோம்? அதே பணிவுதான். ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். வெளிநாட்டுக்காரர் காதில் அது ‘எனக்கு நம்பிக்கையில்லை’ என்று விழக்கூடும். “ஐ ஹாவ் எ கொஸ்டின்” போதும்.

பேச்சு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் வாசல் வேறு. சம்பந்தமில்லாத விஷயத்துக்கு ‘பை த வே’. இப்போது பேசியதோடு தொடர்பு இருந்தால் ‘ஸ்பீக்கிங் ஆஃப்’: விடுமுறை பற்றிப் பேசுகையில் “ஸ்பீக்கிங் ஆஃப் ஹாலிடேஸ், வென் ஆர் யூ கோயிங் டு ஊட்டி?” தொடர்பில்லாமல் இதைப் போட்டால் கேட்பவர் தொடர்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

கீழே உள்ளவற்றை விடையைக் கையால் மறைத்துச் சொல்லிப் பாருங்கள்.

‘இப்ப அதை எடுக்காதே.’ டோன்ட் பிரிங் இட் அப் நவ்.
‘நீங்களே அந்தப் பேச்சை எடுத்தது நல்லதாப் போச்சு.’ ஐ’ம் க்ளாட் யூ பிராட் தட் அப்.
‘வாடகைப் பேச்சு வந்துச்சா?’ டிட் த ரென்ட் கம் அப்?
‘வீட்டுக்காரர்கிட்ட அதைப் பத்திப் பேசினீங்களா?’ டிட் யூ பிரிங் இட் அப் வித் த லேண்ட்லார்ட்?

கடைசி வரியில் ‘அபவுட்’ சொல்லியிருந்தால் படி 3-க்குத் திரும்புங்கள்.